உங்களுக்குத் தெரியுமா? தங்கவயலில் இறங்கியவர்கள்

கோலார் தங்கவயல் என்றதும் இன்று பலருக்குச் சினிமாதான் ஞாபகம் வருகிறது. அந்த மண்ணுக்கு அடியில் நூற்றிருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர்களைப் பற்றிக் கொஞ்சம்.

● அயர்லாந்துக்காரரான லாவெல் என்ற முன்னாள் சிப்பாய்தான் 1870களில் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கித் தோண்டிப் பார்த்தார். கைக்காசு கரைந்ததுதான் மிச்சம். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த பிறகுதான் தங்கம் தட்டுப்பட்டது.

● மேஸ்திரி வேலைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தார்கள், இத்தாலியிலிருந்தும் வந்தார்கள். கீழே இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துத் தலித் மக்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறாத நேரம் அது. ஊரில் பண்ணையாரிடம் காலம் தள்ளுவதைவிடச் சுரங்கத்துக் கூலி மேல் என்று குடும்பத்தோடு கிளம்பியவர்கள். துரைமார்களுக்குப் பங்களாவும் கிளப்பும் இருக்க, இவர்கள் மூங்கில் தட்டிக் குடிசைகளில் வரிசை வரிசையாகக் குடியிருந்தார்கள். அதனால் குடியிருப்புக்கே 'லைன்' என்று பெயர்.

● பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905இல். தங்கவயலுக்கோ 1902இலேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து. வந்தது மனிதர்களுக்காக அல்ல, இயந்திரங்களுக்காக.

● சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். வெப்பத்தைவிடப் பயம் பாறை வெடிப்புக்குத்தான். மேலேயுள்ள பாரத்தைத் தாங்காமல் சுவர்ப்பாறை திடீரென்று வெடித்துச் சிதறும், தரைமேல் இருக்கும் வீடுகளும் அதிரும். தப்பியவர்களைப் பிறகு நுரையீரலில் படிந்த தூசு பிடித்துக்கொண்டது. சிலிகோசிஸ் என்பார்கள் மருத்துவர்கள்.

● 1930இல் தொழிலாளர்கள் அனைவரும் கைரேகை பதிந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கைரேகை குற்றவாளிக்குத்தானே என்று கொதித்தார்கள். சட்டப்படி ஒரு சங்கம்கூட இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். தங்கவயல் பெருமை பேசுவோர் எத்தனை டன் தங்கம் எடுத்தார்கள் என்பார்கள் (மொத்தம் சுமார் 800 டன்). என்னைக் கேட்டால் இந்த வேலைநிறுத்தத்தைத்தான் முதலில் சொல்வேன்.

● இன்னொன்றையும் சொல்வேன். தலித் மக்களைப் பௌத்தத்துக்கு அழைத்த சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் நின்றுபோன பின், அதை 1926இல் மீண்டும் உயிர்ப்பித்த ஊர் தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது. தங்கவயலின் மாரிக்குப்பத்தில் தமிழ்ப் பௌத்த சங்கம் நடந்தது. பல்கலைக்கழகங்கள் அயோத்திதாசரை 'கண்டெடுத்தது' 1990களில். சுரங்கத் தொழிலாளிகள் அதற்கு அறுபது எழுபது ஆண்டு முன்பே அவரைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

● வானிலிருந்து வரும் நியூட்ரினோத் துகள் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும், எளிதில் பிடிபடாது. 1965இல் அதன் தடத்தை இங்கே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் பதிவு செய்தார்கள் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும். அதே ஆண்டில் அதைப் பிடித்த இன்னோர் இடம் தென்னாப்பிரிக்காவில். அதுவும் தங்கச் சுரங்கம்தான்!

● ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்து நின்றது. 1956இல் மைசூர் அரசு, 1962இல் மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கைமாறிக்கொண்டே வந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மிச்சமிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு அன்றோடு வேலை போயிற்று.

● ஊருக்கு நடுவே நிற்கும் வெளிறிய குன்றுகள் இயற்கையானவை அல்ல. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண். 'கே.ஜி.எஃப்' படத்தின் சில காட்சிகளை எடுத்தது அந்த மண்மேட்டில்தான். படக்குழு போய்விட்டது, காற்றடித்தால் தூசு வீட்டுக்குள் வருவது போகவில்லை. அதில் மிச்சத் தங்கம் இருக்கிறது, மறுபடி சலிக்கலாம் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் கிளம்பி வந்திருக்கிறது.

● 1894இல் சுரங்கத்துக்காகப் போட்ட பங்காருப்பேட்டை – மாரிக்குப்பம் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியுமுன்னே அதில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரிக்குத் திரும்புகிறார்கள். இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு சாதாரணம்.