விழித்திரை நாள அடைப்பும் கண்ணமுக்க நோயும்

கண்ணின் பிற்புறத்தே நிகழும் ஒரு கேடு, சில திங்கள் கழிந்தபின் அதன் முற்புறத்தே கடுநோயாய் வெளிப்படுதல் உண்டு. இஃது எல்லார்க்கும் நேர்வதன்று. எனினும் நேர்ந்தவிடத்துப் பார்வையை முற்றாகக் கவரவல்லது. அதன் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

கண்ணினுள்ளே தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரக்கின்றது. கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரையாகிய கதிராளியும், அதன் முன்னுள்ள விழிவெண்படலமும் கூடும் கோணத்தில், சல்லடை போன்ற வாயில் ஒன்று உளது. அவ்வழியே அந்நீர் வடிந்து குருதியிற் கலக்கும். வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை கண்ணின் உள்ளமுக்கம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் என்னும் அளவில் நிற்கும். வாயில் அடைபடின் அமுக்கம் ஏறிப் பார்வை நரம்பை நலியச் செய்யும். இதுவே குளுக்கோமா எனப்படும் கண்ணமுக்க நோயின் ஒரு வகை.

இனி விழித்திரையை நோக்குவாம். அதன் உட்படைகளின் குருதி மைய நாளம் ஒன்றன் வழியே மீளுகின்றது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு முதலியன உடையோரிடத்து அந்நாளம் சிலவேளை அடைபடும். அப்பொழுது ஒரு கண்ணின் பார்வை திடீரென மங்கும், வலி தோன்றாது. அடைப்புக் கடுமையாயின் நுண்குழாய்கள் மூடுண்டு, விழித்திரை ஒட்சிசனின்றி வாடும். வாடும் இழையம் புதிய குருதிக்கலன்களை வேண்டி ஒரு பொருளைச் சுரக்கும். இத்தகைய பொருள் ஒன்று இருத்தல் வேண்டுமென ஐசாக் மைக்கேல்சன் 1948இல் கருதினார். 1989இல் நப்பொலியோனே பெராராவும் அவர்தம் குழுவினரும் குருதிக்கலன் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தனர். நோயுற்ற கண்களின் நீரில் அது மிகுந்திருத்தல் 1994இல் காட்டப்பட்டது.

காத்தற்பொருட்டுச் சுரந்த அப்பொருளே ஈண்டுக் கேடாகின்றது. அது முற்புறம் பரவவே, கதிராளியின்மேல் மென்குழாய்கள் படரும். அவற்றோடு வளரும் நார்ப்படலம் சுருங்கி, வடிகாற் கோணத்தை இழுத்து மூடும். அமுக்கம் 50, 60 எனவும் உயரும். கண் சிவக்கும், கண்ணும் தலையும் பொறுத்தற்கரிய நோவுறும், வாந்தியும் உண்டாதல் கூடும். நாள அடைப்பு நிகழ்ந்து ஏறத்தாழ மூன்று திங்களில் இது தோன்றுதல் பற்றி, மருத்துவர் இதனை ‘நூறுநாட் குளுக்கோமா’ எனவும் வழங்குவர்.

முதற் கேடு வலியின்றி வந்தமையால், ‘போனது போயிற்று’ என்று நோயாளர் வாளாவிருத்தல் இயல்பு. ஆயின், அவ்விடைக்காலமே கண்ணைக் காத்தற்குரிய காலம். கண்மணியை விரிக்கும் மருந்திடுமுன் அதன் விளிம்பை உருப்பெருக்கி நோக்கின், புதுக்குழாய்களைத் தொடக்கத்திலேயே காணலாம். வாடிய விழித்திரையை லேசர் ஒளியாற் சுட்டால் அக்காரணி சுரத்தல் குறையும். அதனைத் தடுக்கும் மருந்தைக் கண்ணினுள் ஊசியாற் செலுத்தினால் புதுக்குழாய்கள் சில நாளில் ஒடுங்கும். கோணம் மூடுண்டபின்னரோ, அறுவை மருத்துவமும் வேண்டப்படலாம். அழிந்த பார்வை நரம்பு மீளாது.

ஆதலின், ஒரு கண் வலியின்றி மங்கினும் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். நாடியபின், அவர் குறித்த நாளெல்லாம் தவறாது செல்லுதல் அதனினும் வேண்டும். வலி வரட்டும் எனக் காத்திருப்பின், அது வரும்போது வாயில் மூடியிருக்கும்.