அச்சுக்குக் கொடுக்குமுன் ஓரம் பாருங்கள்!

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவருவது வழக்கம். அதன்பின் நம் ஆரணி கடைவீதிக்கும் ஏஜெண்டுகள் ஆல்பத்தோடு வரத் தொடங்குவார்கள். பட்டு ஜவுளிக் கடையானாலும், அரிசி மண்டியானாலும், மளிகைக் கடையானாலும் சாமி படம் தேர்வு செய்வதில் காட்டும் அக்கறையை நாம் அச்சு விவரத்தில் காட்டுவதில்லை. அதன் நஷ்டத்தை நாமே அனுபவித்தோம்.

ஒரு வருடம் நம் கடைக்கு 500 காலண்டர் அடித்தோம். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லி, கைபேசி எண்ணை வலது ஓரம் வரை இழுத்துப் போடச் செய்தோம். கட்டைப் பிரித்தால், பல அட்டைகளில் கடைசி எண் பாதிதான் இருந்தது. அது 6-ஆ, 0-ஆ என்று நமக்கே சந்தேகம்! பார்த்து ஒப்புதல் கொடுத்தது நாம்தான். யாரைக் குறை சொல்வது?

அச்சகத்தில் பெரிய தாளில் பல பிரதிகளைச் சேர்த்து அடித்து, நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். அப்போது தாள் சற்று நகர்வது இயல்பு. நம் ஊர் நெசவாளர் ஒரு சேலைக்கும் அடுத்த சேலைக்கும் நடுவே நெய்யாத பாவை விட்டுத்தானே அறுக்கிறார்? அச்சுக்கும் அதே கணக்குதான்.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பின்னணி நிறமும் படமும் வெட்டுக் கோட்டுக்கு வெளியே நாற்புறமும் 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். இதை அச்சகத்தார் 'பிளீட்' என்பார்கள். 9 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமுள்ள விசிட்டிங் கார்டுக்கு, பைல் 9.6 செ.மீ., 5.6 செ.மீ. இருக்கவேண்டும். இல்லையேல் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

2. பெயர், விலாசம், எண் ஆகியவை வெட்டுக் கோட்டிலிருந்து 5 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். காலண்டரில் தகரப்பட்டை, ஆணித் துளை, தேதித்தாள் கட்டு வரும் இடங்களைக் கேட்டறிந்து ஒதுக்குங்கள்.

3. பருப்பு, மசாலா பாக்கெட் அடிப்போர் கூடுதல் கவனம் கொள்ளவும். 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பேக் செய்தவர் பெயர், முகவரி முதலியன தெளிவாகத் தெரியவேண்டும். சூட்டில் ஒட்டும் ஓரத்தில் அவை மறைந்தால், பை முழுவதும் வீண். ஆய்வுக்கு வருபவரிடம் பதிலும் சொல்லவேண்டும்.

4. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருப்பது நல்லது. தமிழ் எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லையென்றால் எழுத்து மாறிவிடும். எனவே எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எப். ஆகக் கேளுங்கள்.

5. போன் திரையில் ஒளிரும் அரக்கு நிறம் நான்கு வண்ண அச்சில் அப்படியே வராது. நிறம் முக்கியமென்றால் தாளில் மாதிரி அடித்துப் பாருங்கள்.

ஒப்புதல் தருமுன் உண்மை அளவில் ஒரு பிரதி எடுத்து, வெட்டுக் கோட்டில் கத்தரியால் நீங்களே வெட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் 365 நாளும் நமக்காகப் பேசப்போவது அந்தக் காலண்டர். அதில் நம் எண் முழுதாக இருக்கட்டும்!