உருவத்தை நம்பி ஏமாந்த வகைப்பாடு

கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் மலைக்காடுகளில் ஒரு குட்டிப் பல்லி வாழ்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்தால் 4 செ.மீ. தேறினால் அதிகம். மெலிந்து நீண்ட உடம்பு, குட்டைக் கால்கள், கூரான மூஞ்சி. சாம்பலும் மங்கிய பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்த தோல், பாசி படர்ந்த சுள்ளியேதான். ஆள் அரவம் கேட்டால் ஓடாது. குச்சியோடு உடலை ஒட்டிக்கொண்டு மெல்ல மறுபக்கம் நகர்ந்துவிடும்.

பகலில் இதைத் தேடுவது வீண் வேலை. இரவில் டார்ச் அடித்தால் கிளை நுனியில் வெளிறிப்போய்த் தூங்குவது கண்ணில் படும். இது அனோல் வகைப் பல்லி. இதே தீவின் வேறு சில அனோல்கள் 1837-லேயே அறிவியல் பெயர் பெற்றுவிட்டன. எர்னஸ்ட் வில்லியம்ஸும் ஹுவான் ரிவேரோவும் இதற்கு ‘அனோலிஸ் ஆக்கல்டஸ்’ என்று பெயர் வைத்தது 1965-ல்தான்.

அனோல்களில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வீட்டுப் பல்லிக்கு இருப்பதுபோலவே விரல்களில் ஒட்டும் பட்டைகள் இருந்தாலும், இவற்றுக்கு உறவு ஓணானோடுதான். தொண்டைக்கடியில் தோலை விரித்து மடக்குவதைப் பார்த்தால் அந்த உறவை நம்பலாம் என்று தோன்றும். ஆனால் அனோல் விஷயத்தில் தோற்றத்தை நம்புவது ஆபத்து.

ஹைட்டியின் மாசிஃப் தெ லா ஹோட் மலையில் கிடைத்த, இதேபோல் சுள்ளியில் வாழும் ஒரு குச்சிப் பல்லியை 1935-ல் டோரிஸ் காக்ரன் விவரித்தார். அதை அவர் சேர்த்த பேரினம் ‘ஸிஃபோசெர்கஸ்’. ஜமைக்காவின் குச்சிப் பல்லி இருந்த அதே பேரினம். அதே குட்டைக் கால், அதே ஒடிசலான உடம்பு. யாராக இருந்தாலும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள். ஆனால் ஜமைக்காப் பல்லியின் நெருங்கிய சொந்தங்கள் ஜமைக்காவிலேயே உள்ள மற்ற அனோல்கள். ஹைட்டிப் பல்லியின் சொந்தங்கள் அதன் தீவான ஹிஸ்பானியோலாவிலேயே இருக்கின்றன. ஜோனதன் லோசோஸ் குழுவினர் 1998-ல் வெளியிட்ட மரபணு ஆய்வு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது: கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய தீவுகளில் குச்சிப் பல்லி தனித்தனியே உருவாகியிருக்கிறது.

காரணம் எளிது. அடிமரத்தில் நீண்ட கால் வேகம் தரும். மெல்லிய சுள்ளியில் அதே கால் தடுமாறும். அங்கே குட்டைக் கால்தான் பிழைக்கும். அடிமரம், கிளை, உச்சி, புல் என்று இடத்துக்கேற்ற உடலமைப்புகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்த வில்லியம்ஸ், 1972-ல் அவற்றை ‘ஈகோமார்ஃப்’ வகைகளாகப் பிரித்தார். அனோலின் உருவம் அதன் தொழிலைச் சொல்கிறது, குலத்தைச் சொல்வதில்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் 10 அனோல்களில் பெரும்பாலானவை ஒரே கிளையின் வாரிசுகள். ஆக்கல்டஸும், பூதம்போல் வளரும் ஒரு பச்சை அனோலும் மட்டும் வேறு வழிகளில் வந்தவை.

குலம் ஓரளவு தெரிந்த பிறகும் பெயர்ச் சண்டை ஓயவில்லை. 2012-ல் சில ஆய்வாளர்கள் அனோலிஸ் பேரினத்தை எட்டாக உடைத்தார்கள். அதன்படி நம் பல்லி ‘டெய்ராப்டிக்ஸ்’ ஆனது. இத்தனை காலம் பழகிய பெயரைக் குலைக்க அவசியம் என்ன என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். எனக்கும் பழைய பெயர்தான் சௌகரியமாகப் படுகிறது. இந்தப் பல்லியைப் பற்றி ஆய்வேடுகளில் தேடுபவர்கள் இரண்டு பெயர்களையும் போட்டுப் பார்ப்பது நல்லது.