'கட கட' சத்தம் கேட்டால் இன்ஜினையே இறக்கணும்! பழைய வெளிநாட்டு கார் வாங்குவோர் உஷார்

சென்னை நகரில் ஒரு காலத்தில் பெரிய முதலாளிகள் வீட்டு வாசலில் மட்டும் நின்ற ஜெர்மன் கார்கள், இன்று 'செகண்ட் ஹேண்ட்' விலையில் சல்லிசாகக் கிடைக்கின்றன. பெயிண்டு பளபளப்பு குறையவில்லை. தோல் சீட்டு. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் கேட்காது. விலையோ புது மாருதி விலைதான். சிலது அதற்கும் கீழே!

சீட்டு எடுத்த பணத்தைப் போட்டு வாங்கி விடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் ராஜ பவனி. அப்புறம் ஒரு நாள் காலை... ஸ்டார்ட் செய்தால் இன்ஜினின் பின்பக்கம் 'கட கட' என்று சத்தம். மெக்கானிக் ஒரு நீள ஸ்குரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். "டைமிங் செயின் சார். பின்னாடி இருக்கு. இன்ஜினை இறக்கணும்!"

சைக்கிள் செயின் மாதிரி இருக்கும் ஒரு சங்கிலிக்காகவா இன்ஜினையே இறக்குவது? ஆமாம், அதற்காகத்தான்.

வால்வும் பிஸ்டனும் மோதினால்...

இன்ஜினுக்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டுகிறது. கேம் வால்வுகளைத் திறந்து மூட விடுகிறது. இரண்டும் தப்பாமல் சேர்ந்து ஓட வைப்பதுதான் டைமிங் செயினின் வேலை. மீட்டரில் 2,000 சுற்று என்று காட்டினால், ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1,000 தடவை திறந்து மூடுகிறது! டீசல் இன்ஜினில் செயின் அறுந்தாலோ பல் தாண்டினாலோ மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். வால்வு வளையும். இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அப்படி நின்றால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

நம்ம அம்பாசடரிலும் டைமிங் செயின் உண்டு. பழைய 1,489 சி.சி. இன்ஜினில் அது முன்பக்கம், ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தது. ரேடியேட்டரைக் கழற்று, புல்லியை உருவு, மூடியைத் திற... சாயங்காலத்துக்குள் வண்டி ரோட்டில் ஓடும்.

பின்னால் வைத்தது ஏன்?

பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2007-ல் 'என்-47' என்ற 2 லிட்டர் டீசல் இன்ஜினைக் கொண்டு வந்தது. ஆஸ்திரியாவில் ஸ்டெயர் ஊரில் தயாரானது. இதில் செயினை முன்னால் இருந்து எடுத்து, கியர்பாக்ஸ் பக்கம் வைத்துவிட்டார்கள். காரணம் வேடிக்கையானது. ரோட்டில் நடப்பவர் மீது கார் மோதினால் அவர் தலை பானெட்டில் அடிபடும். பானெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தலை தப்பும். அந்த இடைவெளிக்காக இன்ஜினின் முன்பக்கத்தைத் தாழ்வாக்கினார்கள். தலை தப்பியது, பர்ஸ் மாட்டிக்கொண்டது!

ஆடி கம்பெனி கதை வேறு. 2003-ல் எஸ்-4 காரின் குட்டை மூக்குக்குள் 8 சிலிண்டர், 4.2 லிட்டர் இன்ஜினைத் திணித்தார்கள். நீளத்தைக் குறைக்க முன்பக்க பெல்ட்டை எடுத்துவிட்டு, பின்பக்கம் செயின் போட்டார்கள். செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் 'கைடு' உடைந்தால், அந்தச் சின்னத் துண்டுக்காக முழு இன்ஜினும் வெளியே வர வேண்டும்.

என்-47-ல் மூன்று செயின். கீழ்ச் செயின் டீசல் பம்பை ஓட்டும், மேல் செயின் கேமை ஓட்டும், இன்னொன்று ஆயில் பம்புக்கு. குறிப்பாக ஆரம்ப வருஷ வண்டிகளில்தான் இந்தச் சத்தம் பேர் வாங்கியது. அவற்றில் கிராங்கின் பல்சக்கரம் தனியாகக் கழலாது, கிராங்கோடு சேர்ந்தே வரும். அந்தப் பல் தேய்ந்திருந்தால் கிராங்கையே மாற்றணும். புது செயினை மட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டு காசு வாங்குகிறவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வேலை லேசு அல்ல. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாம் கழல வேண்டும், கீழே ஆயில் சம்ப் இறங்க வேண்டும். சிலர் இன்ஜினைத் தூக்கி நிறுத்தி வண்டியிலேயே செய்கிறார்கள். பலர் வெளியே எடுத்துவிடுகிறார்கள். கிராங்கையும் கேமையும் அசையாமல் பூட்ட தனி டூல் வேண்டும். மாட்டி முடித்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பூட்டு மறுபடி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பார் நல்ல மெக்கானிக். அதைச் செய்யாமல் சாவியைத் திருப்புகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். செயின் வாங்கும் காசைவிட கூலி அதிகம் ஆவது இதனால்தான்.

பானெட்டைத் தொட்டுப் பாருங்க!

இந்தச் சத்தம் குளிர்ந்த இன்ஜினில்தான் நன்றாகக் கேட்கும். ஆகவே சில புரோக்கர் ஆசாமிகள் நீங்கள் வருவதற்குள் வண்டியை அரை மணி ஓட்டிச் சூடாக்கி நிறுத்துவார்கள். கெட்டி ஆயிலை ஊற்றி சத்தத்தை அமுக்குவதும் உண்டு. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் "நாளைக்குக் காலையில் வர்றேன்" என்று திரும்பி விடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது முன்னால் நிற்காமல் டிரைவர் கதவுப் பக்கம் நின்று கேளுங்கள். கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம், அதைக் குறைக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். செயினுக்கு ஆயில்தான் உயிர்.

செலவுக்குப் பயந்து, "புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டிடலாம்" என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. மாட்டலாம், தப்பில்லை. ஆனால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்ற வேண்டும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியில் கழற்றியதாக இருந்தால், ஸ்டேஷனுக்குப் போய் பதில் சொல்ல வேண்டியவர் விற்ற ஆசாமி மட்டும் அல்ல, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரும்தான்.