கடைத் தம்பி அமுக்கிய ‘ஏற்கிறேன்’

போன தீபாவளிக்கு அத்தைக்குப் போன் வாங்கப் புதுச்சேரி நேரு வீதிக்குப் போனோம். கடைத் தம்பி பெட்டியைப் பிரித்து, சிம்மைப் போட்டு, “ஜிமெயில் இருக்காம்மா? இல்லன்னா நானே போட்டுத் தர்றேன்” என்றார். பிறகு திரையில் வந்ததையெல்லாம் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனார். அடுத்து, ஏற்கிறேன், அடுத்து, ஏற்கிறேன். டெம்பர்டு கிளாஸ் ஒட்டி முடிப்பதற்குள் அத்தையின் இருப்பிடம், தேடல், விளம்பரம் எல்லாவற்றுக்கும் சம்மதம் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தை அப்போது பர்ஸில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.

செயலிகள் கேட்கும் அனுமதியையாவது நாம் சில சமயம் முறைத்துப் பார்க்கிறோம். அவற்றுக்கு அடியில் ஓடும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ் பக்கம் கண் போவதே இல்லை. எந்தச் செயலி எப்போது முடங்கியது என்பது போன்ற பழுதுத் தகவல் அவற்றின் நிறுவனத்துக்குப் போகிறது. அதைக் களவு என்று சொல்ல மாட்டேன், பழுது பார்க்க அது வேண்டும். கவலை விளம்பர ஐடியில்தான். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண். அதோடு இருப்பிடமும் சேர்ந்தால் பெயரே தேவையில்லை. மாதம் இரு முறை ஜிப்மர் மருத்துவமனையில் நாலு மணி நேரம் இருந்துவிட்டு முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டுக்குத் திரும்பும் போன் யாருடையது, அவருக்கு என்ன என்று ஊகிக்க ஜோசியர் வேண்டாம்.

அத்தை வீட்டுக்கு எதிரே ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்) குடும்பம். தாத்தாவுக்குப் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன், மகன் பாரிசில். அந்த மகனின் ஊரில் க்னில் என்ற தகவல் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 2016-இல் அது விண்டோஸ் 10-க்காக மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதுவரை சேகரிக்கிறீர்கள், விளம்பர ஐடியைக் கேட்காமலே போட்டுவிடுகிறீர்கள் என்பது புகார். நிறுவனம் சேகரிப்பைக் குறைத்த பிறகு, 2017-இல் கோப்பு மூடப்பட்டது. 2019 ஜனவரி 21 அன்று கூகுளுக்கு 5 கோடி யூரோ அபராதம். காரணத்தைப் படித்தால் நேரு வீதிக் கடை நினைவுக்கு வரும்: ஆண்ட்ராய்டு போனைத் தொடங்கும்போது விவரம் ஐந்தாறு தட்டல்களுக்கு அப்பால் கிடக்கிறது, விளம்பரப் பெட்டியில் டிக் முன்கூட்டியே விழுந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ‘ஏற்கிறேன்’. மறு ஆண்டு பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2022 டிசம்பரில் ஐபோன் விளம்பரங்களுக்காக ஆப்பிளுக்கு 80 லட்சம் யூரோ.

ஆனால் அங்குள்ள தகவல் பாதுகாப்புச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, ஆள் எங்கே இருக்கிறார் என்றுதான் பார்க்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தாலும் தாத்தா புதுச்சேரியில் உட்கார்ந்து போனைத் தட்டும்வரை அவருக்கும் நம் சட்டம்தான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. சம்மதம் தெளிவாக, விவரம் அறிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் கேட்டு வாங்கலாம்: நமக்குத் தமிழ், ஏனாமுக்குத் தெலுங்கு, மாஹேக்கு மலையாளம். பிரெஞ்சு அட்டவணையில் இல்லை, தாத்தா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புகாரை முதலில் நிறுவனத்திடமே கொடுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியம். அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். அது அரசுக் கணக்கில் சேரும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் இடமில்லை. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது.

2027 வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சென்ற ஞாயிறு அத்தையோடு உட்கார்ந்தேன். செட்டிங்ஸில் தனியுரிமை, அதற்குள் விளம்பரங்கள், அங்கே விளம்பர ஐடியை நீக்கினோம். “இதை அழிச்சா பேரன் போட்டோ போயிடுமாப்பா?” என்றார். போகாது. ஒவ்வொரு செயலிக்கும் இருப்பிடத்தை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றினோம். ஐபோனில் செயலிகள் நம்மைப் பின்தொடர்வதைத் தடுக்க ‘டிராக்கிங்’ என்று தனிப் பக்கம் உண்டு. விண்டோஸில் கூடுதல் பழுதுத் தகவல் அனுப்புவதை நிறுத்தலாம். அடிப்படைத் தகவலை வீட்டுப் பதிப்பில் முழுதாக நிறுத்த முடியாது.

கடைசியாகக் கூகுள் கணக்கைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது. அத்தை சாமி மாடத்திலிருந்து போன் வாங்கிய பில்லை எடுத்துவந்தார். பின்பக்கத்தில் கடைத் தம்பியின் கையெழுத்தில் பாஸ்வேர்டு இருந்தது. மீட்பு எண்ணாகவும் கடை நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார். இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் எழுந்தோம்.