ஈன்றவள் நலம்

மகப்பேற்றை அடுத்துள்ள காலத்திற்குப் பழந்தமிழர் ஒரு தனிச்சொல் வைத்திருந்தனர். 'புனிறு' என்பது அச்சொல். ஈன்றணிமை என அதற்குப் பொருள் கூறும் தொல்காப்பிய உரியியல். கன்றீன்ற பசுவுக்கும் அது வழங்கும். மகவீன்ற மங்கைக்கும் வழங்கும். அக்காலத்துக்குரிய நெய்யணியைக் கற்பியலும் குறிப்பிடுகின்றது. ஒரு நிலைக்குத் தனிப்பெயர் இட்டவர்கள், அதனைத் தனியே பேணவும் அறிந்திருந்தனர் என்று கொள்ளலாம்.

சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. பொருளோ நம் வீடுகளிலே நெடுங்காலம் வாழ்ந்தது. யாழ்ப்பாணத்திலே பிள்ளை பெற்றவளை முப்பத்தொரு நாளும் அடுப்படிக்கு விடார். வேது நீரில் முழுக்காட்டுவர், சரக்கரைத்துக் கறி சமைப்பர், பத்தியம் காப்பர். துடக்கென்று அவளை ஒதுக்கியதை இன்று பலர் இகழ்கின்றனர். இகழத்தக்கதும் அதில் உண்டு. ஆயினும் அவ்வொதுக்கத்தினுள்ளே ஓய்வு என்னும் நன்மை ஒன்று மறைந்திருந்தது. அம்மாவும் மாமியும் பெரியம்மாவும் பிள்ளையை மாறி மாறி ஏந்துவர்; பெற்றவள் சற்றே கண்ணயர்வாள்.

அவ்வீடுகள் இன்று சுருங்கிவிட்டன. பெரியம்மா கனடாவில் இருக்கின்றார். மாமி இலண்டனில் இருக்கின்றார். அரசாங்க சேவையிலுள்ளவளுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் விடுமுறை உண்டு. ஆனால் விடுமுறை வேறு, ஓய்வு வேறு. என்னோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் விடுமுறை முடிந்து வந்தபோது கூறினார்: "வந்தவை எல்லாரும் பிள்ளை எப்படி எண்டு கேட்டவை, ஐயா. நான் எப்படி எண்டு ஒருதரும் கேக்கேல்லை." பல இல்லங்களின் குறை இவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

மகப்பேற்றின்பின் முதற் சில நாள்களில் காரணமின்றிக் கண்ணீர் பெருகுதல் தாய்மார் பலருக்கும் நிகழ்வது. உடலிலே ஓமோன்கள் விரைந்து குறைதலும் உறக்கமின்மையும் அதனைத் தூண்டும். பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் அது தணிந்துவிடும். தணியாது நீண்டு, எதிலும் பற்றின்றி, பிள்ளை உறங்கும்போதும் தான் உறங்கமாட்டாது, 'நான் தாயாகத் தகுதியற்றவள்' என்று மனம் குமையுமாயின் அது நோய். அதனைத் திமிர் என்பதும், 'தங்கம்போலப் பிள்ளை இருக்க ஏன் அழுகிறாய்?' என்று கடிவதும் அறியாமை. அந்நோயை அறிதற்கு 1987 ஆம் ஆண்டில் எடின்பரோ அளவுகோல் வெளிவந்தது. கடந்த ஏழு நாளின் மனநிலையை வினவும் 10 வினாக்கள் கொண்டது அது. தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதும் அவற்றுள் ஒன்று. அத்தகைய எண்ணம் தோன்றின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. வீட்டிற்கு வரும் மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ உடனே கூறுதல் வேண்டும். இது சிகிச்சையால் மாறும் நோயேயாம்.

மனத்தை இந்தக் கணத்திலே நிறுத்தும் பயிற்சியை மேனாட்டார் இன்று போற்றுகின்றனர். 1979 இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸிலே ஜோன் கபாட்-சின் அதனை மருத்துவத்துட் புகுத்தினார். அதன் வேர் பௌத்த தியானத்தில் உள்ளது. ஆகவே கீழைத்தேயத்தாராகிய நமக்கு அது அந்நியமன்று. பாலூட்டும் வேளையிலே கைப்பேசியை அப்பால் வைத்து, வந்துபோகும் மூச்சை நோக்கியிருத்தலும் அப்பயிற்சியே. மனம் வேறெங்கேனும் ஓடின், கடிந்துகொள்ளாது மீட்டுக்கொள்ளலாம்.

ஆனால் 'உன்னை நீயே பேணிக்கொள்' என்று கூறிவிட்டு அகலுதல் அவள்மேல் மற்றுமொரு சுமையை ஏற்றுதலாகும். அவள் தன்னைப் பேணும் அரைமணி நேரம் பிள்ளையை ஏந்துவார் யார்? கணவன் ஏந்துக, அயலார் ஒரு வேளைச் சோறு கொணர்க. இவையின்றித் தற்பேணல் வெறுஞ்சொல்லாகவே முடியும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தனர். பெற்றவளுக்கு அவ்வாறு ஒன்றும் வகுத்திலர். புலவர் விட்டதை நாமேனும் செய்வோம். பிள்ளை பார்க்கச் செல்லும் அன்பர்கள் தொட்டிலை நோக்குமுன் தாயின் முகத்தை நோக்குக, "நீ எப்படி இருக்கிறாய், பிள்ளை?" என்று முதலில் அவளை வினவுக, விடை வரும்வரை பொறுத்திருக்க.