பால்மாப் பேணிக்குள் இருந்த பச்சைக் காசுகள்

"பாருங்கோ தங்கச்சி, புளி போட்டுத் தேய்ச்ச உடனே எவ்வளவு மினுக்கம்!" என்று அந்த அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மன்னாரில், மாந்தைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சிறிய காசு ஒன்று பித்தளைக் குத்துவிளக்குப் போல மினுங்கியது. ஆனால் அதில் முகமும் இல்லை, எழுத்தும் இல்லை.

பல வருடங்களுக்கு முன் அக்காவின் தகப்பனார் வயல் வரம்பில் கண்டெடுத்த மூன்று காசுகளில் அது ஒன்று. 2008இல் இடம்பெயர்ந்தபோது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களோடு அவற்றையும் ஒரு பால்மாப் பேணியில் போட்டுக் கொண்டு போயிருக்கிறார். முகாம் வரை காப்பாற்றிய காசு, பழப்புளியாலும் சாம்பலாலும் பத்து நிமிடத்தில் அழிந்துவிட்டது. "மினுக்கித் தந்தால் நல்ல விலை" என்று பழைய சாமான் வாங்கும் ஒருவர் சொன்னாராம். அக்காவுக்குக் கடன் தவணை கட்ட வேண்டியிருந்தது.

யாருடைய காசு?

மாதோட்டம் எனப்படும் மாந்தை, பண்டைய காலத்தில் பெரிய துறைமுகம். இலங்கையில் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்ட காசுகளும் உண்டு. மாந்தையில் 1980இல் தொடங்கிய அகழாய்வு, போர்ச் சூழலால் 1984இல் நின்றுபோனது. அதன் முழு அறிக்கை 2013இல்தான் வெளிவந்தது. எனவே எங்கள் வீட்டுப் பேணிக்குள் கிடக்கும் காசும் வரலாற்றின் ஒரு துண்டுதான்.

புளியும் தேசிக்காயும் வேண்டாம்

செப்புக் காசின் மேலுள்ள கடும்பச்சை அல்லது கபிலநிறப் படலம் வெறும் அழுக்கு அல்ல. பல நூற்றாண்டுகளாக உலோகம் மண்ணோடு சேர்ந்து உருவான தோல் அது. முகமும் எழுத்தும் பெரும்பாலும் அந்தத் தோலிலேயே தங்கியிருக்கும். புளி, தேசிக்காய், வினாகிரி ஆகியவற்றிலுள்ள அமிலம் அந்தத் தோலை உரித்துவிடும். தும்பும் சாம்பலும் மிச்சத்தைத் தேய்த்துவிடும்.

மற்ற இரண்டு காசுகளையும் நாங்கள் வேறு விதமாகக் கையாண்டோம். முதலில் அளவு, நிறை, கிடைத்த இடம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, இரு பக்கமும் படம் எடுத்தோம். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டோம். இது மருந்துக் கடையில் கிடைக்கும். (பற்றரி அசிட்டை இதுவென்று மாறி வாங்கிவிடாதீர்கள்.) சில நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினோம். இளகிய மண்ணை மென்மையான பல் தூரிகையாலும், எழுத்து இடுக்குகளை நுனி மழுங்கிய ஈர்க்காலும் மெதுவாக எடுத்தோம். ஊசியோ கத்தியோ தொடவில்லை. மஞ்சள் உலோகம் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றாக உலர்த்த வேண்டும்.

ஒரு காசில் வெளிர்பச்சைத் தூள் மீண்டும் மீண்டும் பூத்தது. உப்பினால் உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும் நோய் அது. அதனைத் தனியாக, ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு மூடி வைத்தோம். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் பைதான்.

காசு சொன்ன கதை

ஐந்தாவது வாரத்தில் மற்றக் காசில் மணிமுடி தரித்த ஒரு தலை தெரிந்தது. பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, "எமது தலைவர்" என்பதைக் குறிக்கும் டி, என் என்ற இரு எழுத்துகள் இருந்தன. அரசனின் பெயர் தேய்ந்திருந்தது. மறுபக்கத்தில் ஒரு போர்வீரன், குதிரையிலிருந்து விழுந்தவனை ஈட்டியால் குத்துகிறான். சுற்றிவர "பெல் டெம்ப் ரெபரேசியோ" என்று இலத்தீனில் எழுதியிருந்தது. 348இல் அறிமுகமான வகை இது. பொருள்: "நல்ல காலம் மீண்டும் வந்துவிட்டது."

பொருளைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது வெண்டவன் அடிச்ச காசு. விழுந்தவனிட்ட கேட்டால் வேற மாதிரிச் சொல்லியிருப்பான்," என்றார். பல்கலைக்கழகத்தில் நான் படித்த சமூகவியல் பாடம் ஒன்றை அந்த ஒரு வசனத்தில் கேட்டேன்.

எல்லாக் காசும் இப்படி இருப்பதில்லை. பேரரசன் கொன்ஸ்டன்டைனின் தாய் ஹெலனாவின் காசில் சமாதான தேவதை கிளையொன்றை ஏந்தி நிற்கிறாள். தியோடோரா என்ற அரசியின் காசில் குழந்தையை மார்போடு அணைத்த ஒரு பெண் நிற்கிறாள். முகம், எழுத்து, மறுபக்க உருவம், அடியிலுள்ள நாணயச்சாலைக் குறி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் காசை அடையாளம் காணலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

மண்ணில் புதிதாகக் காசு கிடைத்தால் கழுவவே வேண்டாம். கிராம அலுவலர் மூலமாகவோ பிரதேச செயலகம் மூலமாகவோ தொல்பொருளியல் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். பழைய பொருட்களை மறைத்து விற்பதும் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதும் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். காசு தேடி நிலத்தைத் தோண்டவும் வேண்டாம். எங்கள் மண்ணில் உலோகம் என்றால் அது வெடிபொருளாகவும் இருக்கலாம். இந்தச் செப்புக் காசுகள் உலகச் சந்தையிலும் பெரிய விலை போவதில்லை. தேய்ந்தவை சில டொலர்களுக்கே விற்கப்படுகின்றன. கடன் தீர்க்கும் புதையல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அலுவலகத்துக்குப் போக அக்கா பயந்தார். "எங்க எடுத்தனி எண்டு விசாரிப்பினமே," என்றார். போரைக் கடந்த பெண்களுக்கு இந்தப் பயம் இயல்பானது. சங்கத் தலைவியும் நானும் கூடவே போனோம். கொப்பியில் எழுதிய குறிப்பையும் மூன்று காசுகளையும் கொடுத்து, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கினோம். அழிந்த காசையும் அக்கா மறைக்கவில்லை. "புளியில கழுவினது நான்தான் எண்டும் எழுதுங்கோ. மற்றாக்கள் கழுவாமல் இருப்பினம்," என்றார்.

கடன் தவணைக்குச் சங்கத்தின் சுழற்சி நிதி கைகொடுத்தது. பற்றுச்சீட்டு இப்போது அந்தப் பால்மாப் பேணிக்குள் இருக்கிறது.